புதுவீட்டுத் தோட்டத்துக்கு எம்வெலோ அனுமதி: 900 சதுர அடிப் புல்தரை கணக்கில் நிற்குமா?

புதுமனை

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் பழைய வீடொன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டடத்துக்கான வரைபடங்கள் ஏற்கப்பட்டுவிட்டன. ஆனால் தோட்டத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் தனி ஆவணத் தொகுப்பு இல்லாமல் அனுமதி தர இயலாது என்று நகரத் திட்டப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மாநிலத்தின் நீர்ச்சிக்கன மாதிரி விதியை, அதாவது எல்லோரும் எம்வெலோ என்று சொல்லும் விதியை, எங்கள் நகரம் அப்படியே பின்பற்றுகிறது.

நாங்கள் தோட்டமாக்க நினைக்கும் இடம் மொத்தம் 3,200 சதுர அடி. அதில் 900 சதுர அடியில் டால் ஃபெஸ்க்யூ புல்தரை, ஸ்பிரிங்க்ளர் வழியாகத் தண்ணீர். 1,500 சதுர அடியில் வறட்சி தாங்கும் குறுஞ்செடிகள். மீதி 800 சதுர அடியில் நடுத்தர நீர்த்தேவை உள்ள பூச்செடிகள். பின்னிரண்டுக்கும் சொட்டு நீர்ப்பாசனம். குழந்தைகள் ஓடி விளையாடப் புல்தரை வேண்டும் என்பது வீட்டில் அனைவரின் விருப்பம். சொந்த நிலத்தில் புல் வளர்ப்பதற்கு எதற்காக இவ்வளவு கணக்கு, இந்தத் திட்டம் தேறுமா, வரைபடத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பவற்றை விவரமறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மண்புழு

இத்துறையில் வடிவமைப்பாளராக இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடை வரலாற்றில் இருக்கிறது. 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி முதல் மாதிரி விதி 1993 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 2006இல் ஏபி 1881 என்ற சட்டம் அதைக் கடுமையாக்கச் சொல்லி, 2010இல் இரண்டாவது வடிவம் வந்தது. அதன்பின் கடும் வறட்சி. 2015 ஏப்ரல் 1 அன்று, வழக்கமாகப் பனி குவிந்திருக்க வேண்டிய சியாரா நெவாடா மலைப்புல்வெளியில் வெறுந்தரையில் நின்றபடி ஆளுநர் ஜெரி பிரவுன் நகர நீர்ப்பயன்பாட்டில் 25 விழுக்காட்டுக் குறைப்பை அறிவித்தார். அந்த ஆணையிலேயே தோட்ட விதியைத் திருத்தவும் உத்தரவிட்டார். அதற்குமுன், வீட்டு உரிமையாளரே தோட்டம் போட்டால் 5,000 சதுர அடி வரை விதி எட்டிப்பார்க்காது. 2015 திருத்தம் அந்த வரம்பைப் புதிய கட்டுமானங்களுக்கு 500 சதுர அடியாக இறக்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள தோட்டத்தை மாற்றியமைப்பதற்கு 2,500 சதுர அடி. உங்களுடையது புதிய கட்டுமானம் என்பதால் தப்ப வழியில்லை.

இனி கணக்கு. உங்கள் தோட்டத்துக்கு ஓராண்டில் எவ்வளவு தண்ணீர் அனுமதி என்பதை விதி இப்படிக் கணிக்கிறது: உங்கள் ஊரின் ஆண்டு நீராவிப்போக்கு அளவை, அதாவது மண்ணும் புல்லும் சேர்ந்து காற்றுக்கு விடும் நீரை அங்குலத்தில் எடுத்து, 0.62 ஆல் பெருக்க வேண்டும். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது 0.62 கேலன் என்பதால் இந்த எண். பிறகு அதைக் குடியிருப்புகளுக்கான 0.55 என்ற காரணியாலும், தோட்டப் பரப்பாலும் பெருக்க வேண்டும். வணிகக் கட்டடங்களுக்கு இந்தக் காரணி 0.45. 1993இல் 0.8 ஆகவும் 2010இல் 0.7 ஆகவும் இருந்தது இது. காரணி இறங்க இறங்கப் புல்தரை சுருங்கும். விதியின் உயிர் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

விதியின் இணைப்பில் சான் ஹோசேவுக்கு 45.3 அங்குலம் தரப்பட்டுள்ளது. உங்களுக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்கிறேன். அப்படியானால் உங்கள் உச்ச அனுமதி ஆண்டுக்குச் சுமார் 49,430 கேலன்.

செலவுப் பக்கத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் செடியின் நீர்த்தேவைக் காரணியைப் பாசன முறையின் திறனால் வகுத்து, அந்தப் பகுதியின் பரப்பால் பெருக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளருக்குத் திறன் 0.75, சொட்டுக்கு 0.81. டால் ஃபெஸ்க்யூ குளிர்காலப் புல் என்பதால் 0.8 என எடுத்தால் காரணி 1.07 ஆகிறது, 900 சதுர அடிக்கு 960. குறுஞ்செடிகளுக்கு 0.2 எனக் கொண்டால் 370. பூச்செடிகளுக்கு 0.5 எனக் கொண்டால் 494. மொத்தம் 1,824. அதை 3,200 ஆல் வகுத்தால் சராசரி 0.57, வரம்போ 0.55. கேலனில் சொன்னால் சுமார் 51,230. அதாவது திட்டம் தேறவில்லை, ஆனால் நூலிழையில்தான்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, தோட்ட வரைபடத்தில் உரிமம் பெற்ற நிலவடிவமைப்பாளரோ, சி-27 உரிமம் (தோட்டம் அமைப்பவர்களுக்கான மாநில உரிமம்) உள்ள ஒப்பந்ததாரரோ, சட்டப்படி வடிவமைக்கத் தகுதியுள்ள வேறொருவரோ கையெழுத்திடலாம். பாசன வரைபடத்துக்குச் சான்றிதழ் பெற்ற பாசன வடிவமைப்பாளரும் போதும்.

கணக்குப்பிள்ளை

மண்புழு ஐயாவின் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். எண்கள் சரியாகவே வருகின்றன. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. புல்லின் பரப்பைத் தொடாமலேயே பாசன முறையை மட்டும் மாற்றினால் திட்டம் தேறிவிடுகிறது. புல்லுக்கடியில் சொட்டுக்குழாய் பதித்தால் திறன் 0.81 ஆகிவிடும், 960 என்பது 889 ஆகும், சராசரி 0.548, மொத்தம் சுமார் 49,240 கேலன். அனுமதியைவிட ஏறத்தாழ 190 கேலன் குறைவு. இந்த வழியைப் புதுமனை நண்பர் பரிசீலிக்கலாம் அல்லவா?

மண்புழு

தாளில் தேறும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 0.55 என்ற வரம்புக்கு 0.548 காட்டும் திட்டத்தை நான் யாருக்கும் தரமாட்டேன். கட்டுமானத்தில் நடைபாதை ஓர் அடி நகர்ந்து, குறுஞ்செடிப் பரப்பு 50 சதுர அடி குறைந்தாலும் சராசரி வரம்பைத் தாண்டிவிடும். பிறகு கட்டியபடி உள்ள வரைபடத்தைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். புல்லை 700 சதுர அடியாகக் குறைத்து, அந்த 200ஐக் குறுஞ்செடிகளுக்குக் கொடுத்தால் ஸ்பிரிங்க்ளருடனேயே சராசரி 0.52க்கு வருகிறது, ஆண்டுக்குச் சுமார் 46,630 கேலன். அல்லது பரப்பை மாற்றாமல், பெர்முடா போன்ற கோடைப் புல்லுக்கு மாறினால் காரணி 0.6 என்பதால் சராசரி 0.495. பெர்முடா குளிர்காலத்தில் பழுப்பாகிவிடும் என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிசம்பரில் புல் செத்துவிட்டது என்று என்னை அழைத்தவர்கள் உண்டு.

சொட்டுக்குழாய்

நான் பாசனம் அமைக்கும் சி-27 ஒப்பந்ததாரர். புல்லுக்கடியில் சொட்டுக்குழாய் பதிப்பது நல்ல முறைதான். ஆனால் எல்லா மண்ணுக்கும் அல்ல. சாண்டா கிளாரா சமவெளியின் பல இடங்களில் களிமண் கனமாக இருக்கும். அங்கே குழாய்வரிசைகளின் இடைவெளியும் ஆழமும் தவறினால், குழாய்க்கு மேலே பச்சைக் கோடும் இடையில் மஞ்சள் கோடுமாகப் புல் வரிவரியாக நிற்கும். எலிகள் கடித்துவைத்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. மேலும், புதிதாக விரித்த புல் வேர்பிடிக்கும் வரை மேலிருந்தும் தண்ணீர் தெளித்தாக வேண்டியிருக்கும்.

ஆனால் கணக்குக்கு அப்பால் இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். இவற்றில்தான் பலருடைய வரைபடங்கள் திரும்பி வருகின்றன. ஒன்று, எந்தத் திசையிலாவது 10 அடிக்குக் குறைவான அகலமுள்ள பகுதியில் மேல்தெளிப்பு கூடாது. நிலத்தடிச் சொட்டோ, வழிந்தோடாத வேறு முறையோதான் வேண்டும். மற்றொன்று, கான்கிரீட் போன்ற நீர் புகாத பரப்பிலிருந்து 24 அங்குலத்துக்குள் ஸ்பிரிங்க்ளர் தெளிக்கக் கூடாது. கார்ப்பாதைக்கும் வேலிக்கும் நடுவே எட்டடிப் பட்டையில் புல் போட்டு இரண்டு ஓரத்திலும் ஸ்பிரிங்க்ளர் வைக்கும் பழைய பாணி இப்போது செல்லாது. புதுமனை அவர்களின் 900 சதுர அடி ஒரே சதுரமாக இருக்கிறதா, அல்லது வீட்டைச் சுற்றி ஓடும் பட்டையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவுக்கும் வர இயலாது.

புதுமனை

மிக்க நன்றி. 620 சதுர அடி பின்புறத்தில் ஒரே பரப்பாக இருக்கிறது. மீதி 280, வீட்டின் பக்கவாட்டில் ஏழடி அகலப் பட்டையாக ஓடுகிறது. அந்தப் பட்டையை விட்டுவிடுவதே நல்லது என்று இப்போது புரிகிறது. அப்படியே இன்னொரு கேள்வி. கறிவேப்பிலையும் முருங்கையும் காய்கறிப் பாத்தியும் வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அவை எந்தக் கணக்கில் வரும்?

நாற்றங்கால்

இதற்குப் பதில் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. உணவுப்பயிருக்கு என்றே ஒதுக்கப்பட்ட பரப்பை விதி சிறப்புப் பகுதியாகக் கருதுகிறது. அதற்குக் காரணி 1.0 வரை கிடைக்கும். மறுசுழற்சி நீரால் பாய்ச்சும் இடங்களும், பொது விளையாட்டிடங்களும் இதே வகையில் சேரும். ஆகவே அம்மாவின் பாத்திக்கு 400 சதுர அடி ஒதுக்கினால் உங்கள் மொத்த அனுமதி கூடும். தாராளமாகப் புல்லும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

மண்புழு

முதல் பாதி சரி. இரண்டாவது பாதி அப்படியல்ல. இந்த இடத்தில் பலர் தடுமாறுவதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

400 சதுர அடி காய்கறிப் பாத்தி வந்தால் உங்கள் உச்ச அனுமதி 49,430இலிருந்து சுமார் 54,490 கேலனாக உயர்வது உண்மைதான். ஆனால் அந்த 400 எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. குறுஞ்செடிப் பகுதியிலிருந்து எடுத்தால், குறைந்த நீர் குடித்து மற்றவற்றுக்கு ஈடுகட்டிக்கொண்டிருந்த பரப்பு போய்விடுகிறது. மிஞ்சும் 2,800 சதுர அடியில் சராசரி 0.62 ஆகிறது, பாத்தியையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 59,690 கேலன். அனுமதி கூடியும், முன்பைவிட மோசமாகத் தோற்கிறீர்கள். அதே 400ஐப் புல்தரையிலிருந்து எடுத்தால் மிஞ்சும் பகுதியின் சராசரி 0.50, செலவு சுமார் 50,480 கேலன், நான்காயிரம் கேலன் இடைவெளியோடு தேறுகிறது. பாத்தி புல்லின் இடத்தைப் பிடித்தால் லாபம். குறுஞ்செடியின் இடத்தைப் பிடித்தால் நட்டம். புதுமனை அவர்களின் பக்கவாட்டுப் பட்டை 280 சதுர அடி என்பதால், வெயில் விழுமானால் பாத்தியை அங்கேயே தொடங்கலாம்.

உணவுப்பயிருக்கு மட்டும் என்று விதி சொல்வதையும் கவனிக்க வேண்டும். பாத்தியின் ஓரத்தில் அழகுக்காக ரோஜா வரிசை நட்டால் அந்தப் பரப்பு சிறப்புப் பகுதியிலிருந்து கழிக்கப்படும். முருங்கையும் கறிவேப்பிலையும் உறைபனி தாங்காதவை என்பது வேறு விஷயம். அதற்கு விதி பொறுப்பல்ல.

கணக்குப்பிள்ளை

மனத்தில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். வரைபடத்தில் காய்கறிப் பாத்தி என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அங்கே புல் விரித்தால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? தோட்டத்துக்குத் தனி நீர்மானி குடியிருப்புகளில் 5,000 சதுர அடி பாசனப் பரப்புக்கு மேல்தான் கட்டாயம். வணிகக் கட்டடங்களுக்கு 1,000 சதுர அடியிலிருந்தே. ஆகவே 3,200 சதுர அடித் தோட்டம் ஆண்டுக்கு எத்தனை கேலன் குடித்தது என்பது யாருக்குமே தெரியாது. தாளில் மட்டும் சேமிக்கும் விதி என்று எனக்குத் தோன்றுகிறது.

மண்புழு

இந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். அனுமதி கொடுக்கும் நாளில் நகரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறது. நிறைவுச் சான்றிதழ் வந்த மறுநாள் கண்ணை மூடிக்கொள்கிறது. அடுத்த திருத்தத்தில் எதை மாற்றலாம் என்று என்னைக் கேட்டால், காரணியை இன்னும் இறக்குவதைவிட, தனிநீர்மானி வரம்பை இறக்கச் சொல்வேன்.

ஆனாலும் தாளில் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த வால்வு எந்தச் செடிகளுக்கு என்பது அனுமதியின்போதே முடிவாகிறது. பொதுவாக ஒரே நீர்த்தேவை உள்ள செடிகள்தான் ஒரு வால்வில் இருக்க வேண்டும். அதிகத் தேவையும் குறைந்த தேவையும் ஒரே வால்வில் சேரக் கூடாது. மரங்களுக்கு இயன்றவரை தனி வால்வு. பழைய தோட்டங்களில் லாவெண்டரும் புல்லும் ஒரே வால்வில் இருக்கும். புல்லுக்குப் போதுமான நீர் விட்டால் லாவெண்டர் வேரழுகும், லாவெண்டருக்கு ஏற்றபடி விட்டால் புல் காயும். உரிமையாளர் எப்போதும் புல்லின் பக்கமே சாய்வார். இதை மண்ணுக்கடியில் ஒருமுறை சரியாகப் பிரித்துவிட்டால், பின்னால் வீடு கைமாறினாலும் அந்தப் பிரிவு நிலைக்கும்.

சங்கச்செயலர்

நான் ஒரு குடியிருப்பு உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் வளாகத்தில் புதிய வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலர், முன்புறம் புல்தான் இருக்க வேண்டும் என்று சங்கம் கட்டாயப்படுத்துமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. மாநிலக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 4735ஆம் பிரிவின்படி, குறைந்த நீர்ச்செடிகளைத் தடைசெய்யும் சங்க விதி செல்லாது. இருக்கும் புல்லை எடுத்துவிட்டு அவற்றை நடுவதையும் சங்கம் தடுக்க முடியாது. தோற்றம் பற்றிய பொது ஒழுங்குகளை மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு வேறொரு கவலை இருக்கிறது. 2023இல் கையெழுத்தான ஏபி 1572 சட்டப்படி, யாரும் கால்வைக்காமல் அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவது படிப்படியாகத் தடைசெய்யப்படுகிறது. அரசு நிலங்களுக்கு 2027, வணிக வளாகங்களுக்கு 2028, எங்களைப் போன்ற சங்கங்களின் பொது இடங்களுக்கு 2029. தனிவீட்டுத் தோட்டத்துக்கு இது பொருந்தாது. ஆனால் புதிய வளாகம் கட்டுபவர்கள் இன்றைக்கும் நுழைவாயிலில் அகலப் புல்பட்டை விரித்து விற்றுவிட்டுப் போகிறார்கள்; சில ஆண்டுகளில் அதைப் பெயர்த்தெடுக்கும் செலவு வீடு வாங்கியவர்களின் தலையில்தான் விழும்.

சொட்டுக்குழாய்

வளாகங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். பில்டர் வரிசையாகக் கட்டும் வீடுகளில் ஒவ்வொரு மனையிலும் மண்பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. ஏழு மனைக்கு ஒன்று போதும். அமைத்து முடித்த பாசனத்தைச் சோதிக்கும் தணிக்கையும் அதே விகிதம்தான். ஆகவே உங்கள் வீடு சோதிக்கப்படாத ஆறில் ஒன்றாக இருக்கலாம். கனரக வண்டிகள் ஓடி இறுகிப்போன மண்ணில் நட்ட செடிகள் முதல் கோடையிலேயே வாடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டினால் அது தெருவில்தான் ஓடும்.

புதுமனை அவர்களுக்கு: தனிவீடு என்பதால் உங்கள் மண்ணைக் கட்டாயம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மண்ணின் தன்மை, நீர் ஊடுருவும் வேகம், அமிலகார நிலை, கரையும் உப்பு, சோடியம், கரிமப்பொருள் ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். கரிமப்பொருள் 6 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் 1,000 சதுர அடிக்கு 4 கனகெஜம் கம்போஸ்ட் போட்டு ஆறங்குல ஆழத்துக்குக் கலக்க வேண்டும். 3,200 சதுர அடிக்கு ஏறத்தாழ 13 கனகெஜம். அதை இறக்கி வைக்க இடம் வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. புல்லும் படர்கொடியும் இல்லாத வெறுமண்ணில் குறைந்தது மூன்றங்குலம் மூடாக்கு. ஆனால் தீ அபாயப் பகுதியில் வீடு இருந்தால், சுவரை ஒட்டி மரச்சிராய் கொட்டாமல் சரளைக்கல் போடுவது நல்லது.

நாற்றங்கால்

மண்புழு ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. சிறிய தோட்டக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: 2,500 சதுர அடி வரை உள்ள தோட்டங்களுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை, சுருக்கப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வீடுகளில் புல்தரை மொத்தப் பரப்பில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உணவுப்பயிர் நீங்கலான செடிப்பரப்பில் 75 விழுக்காடு சராசரிக் காரணி 0.3 உள்ள செடிகளாக இருக்க வேண்டும். மீதி கம்போஸ்ட், மூடாக்கு, கண்ட்ரோலர் (பாசன நேரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) விதிகள்தான். அதே அளவு தோட்டத்துக்கு மழைநீராலோ வீட்டுக் கழுவுநீராலோ மட்டும் முழுத் தேவையையும் தீர்த்துவிட்டால் இன்னும் எளிது. பாசன அமைப்பு பற்றிய பிரிவு மட்டுமே பொருந்தும்.

புதுமனை

எல்லோருடைய அறிவுரையையும் வைத்து இன்று மாலை திட்டத்தை மாற்றினேன். பின்புறப் புல் 620 சதுர அடியாக நிற்கிறது. பக்கவாட்டுப் பட்டை முழுவதும் அம்மாவின் பாத்தி. குறுஞ்செடியும் பூச்செடியும் அப்படியே. மண்புழு ஐயா சொன்ன வழியில் கணக்கிட்டால் பாத்தி நீங்கலான 2,920 சதுர அடியில் சராசரி 0.52 வருகிறது. கடைசியாக இரண்டு ஐயங்கள். தணிக்கையையும் பாசனம் அமைத்தவரே செய்து தந்துவிடலாமா? கார்ப்பாதைக்கு அடுத்த வாரம் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். தோட்ட அனுமதி வரும் வரை அதை நிறுத்திவைக்க வேண்டுமா?

சொட்டுக்குழாய்

தணிக்கையை வடிவமைத்தவரோ அமைத்தவரோ செய்யக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. நகரத்தின் தணிக்கையாளரோ, சான்றிதழ் பெற்ற மூன்றாமவரோதான் செய்ய வேண்டும். அவர் கசிவு, அழுத்தம், சீரான பரவல் ஆகியவற்றைப் பார்ப்பார். வானிலையைக் கணக்கில் கொள்ளும் கண்ட்ரோலரோ மண்ணீர் உணரியோ பொருத்தப்பட்டிருக்கிறதா, மழை உணரி வேலைசெய்கிறதா, இரவு 8 மணிக்கும் காலை 10 மணிக்கும் இடையில் மட்டும் ஸ்பிரிங்க்ளர் ஓடும்படி நேரம் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். நிறைவுச் சான்றிதழோடு அந்த அறிக்கையும் நகரத்துக்குப் போகும்.

கான்கிரீட்டை நிறுத்த வேண்டியதில்லை; ஆனால் ஊற்றுவதற்கு முன் கார்ப்பாதைக்குக் குறுக்கே இரண்டு பிவிசி உறைக்குழாய்களைப் பதிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் பாசனக் குழாயும் மற்றொன்றில் வால்வுக் கம்பிகளும் பின்னால் நுழையும். நான்கங்குல விட்டம் போதும். இரு முனைகளும் கான்கிரீட்டுக்கு வெளியே ஓரடியாவது நீண்டிருக்க வேண்டும். மண் புகாதபடி மூடிபோட்டு, முனைகள் இருக்கும் இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்துவையுங்கள். தோட்டத்து நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் காக்கும் பின்னோட்டத் தடுப்புக் கருவி எந்த இடத்தில் வரப்போகிறது என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்துவிடுங்கள். அதற்குப் பல நகரங்களில் தனி பிளம்பிங் அனுமதி கேட்பார்கள்.